சிராவகர் நெறிப் பாடம்: மிகுபொருள் விரும்பாமையும் ஒரு டெலிபோட்டோ லென்ஸும்

இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்கள் ஐந்து. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்பன அவை. முதல் நான்கும் இன்னது செய்தால் விரதம் கெடும் என்று எல்லை தெரியும் தன்மையின. ஐந்தாவது விரதமோ அத்தகையதன்று. அதன் எல்லையைச் சிராவகர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். 'இவ்வளவு போதும்' என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்டவற்றின்மீது விருப்பத்தை ஒழிப்பதே இவ்விரதம். பரிக்கிரக பரிமாணம் என்று ஆகமங்கள் கூறுவதும் இதனையே.

ஆதலின் இவ்விரதத்தை ஏற்க முன்வருவோர் பலர், தம் உடைமைகளைப் பட்டியலிட அமரும்போது தடுமாறுகின்றனர். நிலம் இவ்வளவு, வீடு ஒன்று, பொன் இத்தனை சவரன், வங்கியில் இவ்வளவு பணம் என்று எழுதிவிடலாம். அலமாரியின் மேல்தட்டில் பல்லாண்டுகளாகத் திறக்கப்படாமல் இருக்கும் பொருளை எங்ஙனம் எழுதுவது? அது தேவையா, மிகையா? அதனை வைத்துக்கொண்டால் விரதத்திற்கு இழுக்கா? இப்பாடத்தில் அத்தகைய பொருள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டு

தருமபுரியில் வாழும் ஒரு சிராவகரை மனத்தில் கொள்வோம். பணி ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த நாளில் சிறுகச் சேமித்து 400 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை வாங்கினார். காமிராவின் பொதுவான லென்ஸ் 50 மி.மீ. குவியத் தூரம் உடையது. 400 மி.மீ. லென்ஸ் அதனினும் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். எட்டாத கிளையில் இருக்கும் பறவையின் இறகு நிறமும் அதனால் தெளிவாகப் பதியும். வீட்டு நிகழ்ச்சிகளுக்கோ கோயில் விழாக்களுக்கோ அது பெரிதும் பயன்படாது. எடையும் மிகுதி.

அவர் அதனை வாங்கியது வத்தல்மலைக்காக. தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 3,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதி அது. பெரியூர், பால்சிலம்பு முதலான சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை, கேழ்வரகு, காபி, மிளகு ஆகியன அங்கு விளைகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட தார்ச்சாலை அமைந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன்பு மலையேறியவர்கள் தம் சுமையைத் தலையிலும் தோளிலும் தாங்கி நடந்தே ஏறினர். நம் சிராவகரும் அங்ஙனமே லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறைதோறும் ஏறினார். சின்னான், மாங்குயில், செம்போத்து என்று பறவைகளைக் கண்டு மகிழ்ந்தார்.

இன்று முழங்கால் வலியால் அவரால் காட்டுப் பாதையில் நடக்க இயலவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் லென்ஸை இருமுறை மட்டுமே வெளியே எடுத்தார். இவ்வாண்டு தசலட்சண பர்வத்தின் ஒன்பதாம் நாளாகிய உத்தம ஆகிஞ்சன்ய நாளில் ஐந்தாம் அணுவிரதத்தை முறைப்படி ஏற்க எண்ணிப் பட்டியல் எழுத அமர்ந்தார். லென்ஸ் என்னும் சொல்லில் எழுதுகோல் நின்றுவிட்டது. "பயன்படாததை விற்றுவிடுங்கள், அப்பா" என்கிறார் மகன். "நல்ல பொருளை ஏன் விற்க வேண்டும், மாமா? விலை ஏறும், இருக்கட்டும்" என்கிறார் மைத்துனர். இருவர் கூற்றும் அவர் மனத்தை அமைதிப்படுத்தவில்லை. என் செய்வது?

பரிக்கிரகம் என்பது யாது?

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளைக் கொண்டு வரையறுக்கவில்லை, மூர்ச்சையைக் கொண்டு வரையறுக்கிறது. மூர்ச்சை என்பது ஈண்டு மயக்கம். 'இது எனது' என்று பொருளின்மேல் மனம் ஒட்டிக்கொள்ளும் நிலை. கையில் ஒன்றும் இல்லாத வறியவனும் பிறர் பொருளை எண்ணி ஏங்குவானாயின் அவன் பரிக்கிரகம் உடையவனே. பிச்சியும் கமண்டலமும் சாத்திரமும் ஏந்திய முனிவரோ பரிக்கிரகம் அற்றவர். அவை உயிர் காத்தல், தூய்மை, ஞானம் ஆகியவற்றுக்கு உரிய உபகரணங்கள். அவற்றின்மேல் அவர்க்கு மூர்ச்சை இல்லை.

இதனைக் கேட்ட அளவில், "மனத்தில் பற்றில்லை, ஆகவே எதனை வைத்திருந்தாலும் குற்றமில்லை" என்று சிலர் கூறக்கூடும். அதுவும் பொருந்தாது. பரிக்கிரகத்தை அகம், புறம் என இரண்டாகப் பகுத்தனர் ஆசாரியர்கள். அகப் பரிக்கிரகம் பதினான்கு. அவை மித்தியாத்துவம் ஒன்று, வேதம் மூன்று, சிரிப்பு முதலிய நோகஷாயம் ஆறு, குரோதம் முதலிய கஷாயம் நான்கு. புறப் பரிக்கிரகம் பத்து. அவை நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிமகளிர், பணிமக்கள், குப்பியம், பாண்டம். புறப்பொருள் அகப்பற்றுக்கு நிமித்தமாகிறது. நிமித்தத்தைக் குறைக்காமல் பற்றை மட்டும் குறைத்துவிட்டோம் என்பது பெரும்பாலும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகவே முடியும். ஆதலால்தான் இல்லறத்தார் அளவு வகுத்துக்கொள்ளப் பணிக்கப்பட்டனர்.

நம் லென்ஸ் இப்பத்தனுள் துணி, கலம் முதலிய வீட்டுப் பொருள்களைக் குறிக்கும் குப்பியம், பாண்டம் என்னும் வகைகளில் அடங்கும். பலகாலும் துய்க்கப்படுவதாகலின் அது உபபோகப் பொருளும் ஆகும். உணவுபோல் ஒருமுறை துய்த்துக் கழிவது போகம். ஆடை, அணிகலன்போல் மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். இரண்டுக்கும் அளவு வகுப்பது போகோபபோக பரிமாணம் என்னும் தனி விரதம்.

பயன்பாட்டின் எண்ணிக்கை அளவுகோல் ஆகுமா?

மூன்றாண்டில் இருமுறையே பயன்பட்டது. ஆகவே அது மிகை என்பது மகனது கருத்து. இது பொதுவாக ஏற்கத்தக்கதாகத் தோன்றினும் முழு உண்மை அன்று. வீட்டில் உள்ள ஏணி ஆண்டுக்கு இருமுறைதான் எடுக்கப்படுகிறது. ஜினாலயத்தின் விழாப் பாத்திரங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளிவருகின்றன. அவற்றை மிகை என்பார் யாருமில்லை. ஜனவரி மாதந்தோறும் பல நாடுகளில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1987இல் தொடங்கிய அப்பணியில் ஈடுபடும் ஒருவர் அந்நாள்களில் மட்டுமே தம் டெலிபோட்டோ லென்ஸைப் பயன்படுத்தினாலும், அவ்விரு நாள் பயனே அதனை வைத்திருப்பதற்குப் போதிய காரணம் ஆகும்.

மறுதலையாக, நாள்தோறும் பயன்படும் பொருளிலும் மூர்ச்சை மிகுதியாக இருத்தல் கூடும். எனவே பயன்பாட்டின் எண்ணிக்கை நம்மை எச்சரிக்கும் குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அன்று. அக்குறிப்பைக் கண்டபின் எழுப்ப வேண்டிய வினா வேறு: பயன் குறைந்த பின்னும் இதனை விடவிடாமல் தடுப்பது எது?

விலை ஏறும் என்னும் மைத்துனர் கூற்றையும் பார்ப்போம். லென்ஸ் பொன்னைப் போன்றதன்று. காமிராவில் லென்ஸைப் பொருத்தும் வாயின் அமைப்பு காலந்தோறும் மாறுகிறது. கேனன் நிறுவனம் 1987இல் தன் பொருத்து வாயை மாற்றியபோது பழைய லென்ஸ்கள் புதிய காமிராக்களில் நேரே பொருந்தாமற் போயின. 2018இல் கேனன், நிக்கான் இரண்டும் கண்ணாடியற்ற காமிராக்களுக்கெனப் புதிய வாய்களை அமைத்தன. பழைய லென்ஸை இடைவளையம் கொண்டு பயன்படுத்த இயலுமாயினும் அதனை நாடுவோர் தொகை குறைகிறது. லென்ஸின் உள்ளே உள்ள சிறு மோட்டாரும் மின்சுற்றும் பழுதுற்றால் மாற்று உறுப்பு கிடைப்பதும் அரிது. அரிதாகச் சில பழைய லென்ஸ்கள் விலை ஏறக்கூடும். ஆயினும் அதனை நம்பி வைத்திருப்பது விலையைப் பற்றிய ஆசையே அன்றிப் பொருளின் பயனைப் பற்றியதன்று.

ஐந்து அதிசாரங்கள்

விரதம் முற்றும் கெடாமல் குறைபடும் நிலைகளை அதிசாரம் என்பர். சமந்தபத்திர ஆசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்தாம் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறினார். தமிழில் சிராவக ஒழுக்கத்தைச் சுருக்கமாகக் கூறும் அருங்கலச்செப்பு அந்நூலின் வழியில் அமைந்தது. அவ்வைந்தையும் நம் எடுத்துக்காட்டோடு பொருத்திக் காண்போம்.

1. அதிவாகனம்: ஊர்தியையும் விலங்குகளையும் தேவைக்கு மேல் செலுத்துதல் என்பது இதன் பொருள். இலாபத்தின் பொருட்டுத் தன்னையும் பிறவற்றையும் அளவிறந்து ஓட்டுதல் என்று விரித்துக் கொள்ளலாம். லென்ஸ் இருக்கிறதே என்பதற்காக, வேண்டாத பயணங்களை வகுத்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு மலையேறுதல் இவ்வகையில் அடங்கும். பொருளுக்காக உடலை ஓட்டுவது முறையன்று.

2. அதிசங்கிரகம்: அளவுக்கு மேல் சேர்த்து வைத்தல். லென்ஸ் தனியே வருவதில்லை. அதற்கேற்ற காமிரா, முக்காலி, வடிகட்டிக் கண்ணாடி, பை, ஈரம் உறிஞ்சும் பெட்டி என ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். பட்டியலில் 'லென்ஸ் ஒன்று' என்று எழுதுபவர் அதனைச் சூழ்ந்த பொருள்களையும் எண்ணி எழுதுதல் வேண்டும்.

3. அதிவிஸ்மயம்: பிறரது செல்வத்தையோ ஊதியத்தையோ கண்டு வியந்து மனம் வாடுதல். மற்றொருவர் 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பதைக் கண்டு தம்முடையது சிறிதென்று வருந்துவதும், விற்ற பின்னர் வாங்கியவர் இலாபம் அடைந்தாரோ என்று புழுங்குவதும் இதில் அடங்கும்.

4. அதிலோபம்: நல்ல விலை கிடைத்தும் இன்னும் மிகுதியான விலையை எதிர்நோக்கி விடாமல் வைத்திருத்தல். மைத்துனரின் அறிவுரை இவ்வதிசாரத்தின் எல்லையில் நிற்கிறது என்பதை வாசகர்கள் உணர்வர்.

5. அதிபாரவாகனம்: விலங்குகளின்மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல். ஆசாரியர் காலத்தில் சுமை சுமந்தவை விலங்குகள். வாகனம் செல்லும் மலையில் இன்று அந்நிலை இல்லையெனினும் கருத்து மாறவில்லை. நம் பொருளின் சுமையை யார் சுமக்கிறார்கள்? முதியவர் படம் எடுக்க, லென்ஸையும் முக்காலியையும் பேரன் சுமந்து வர வேண்டியதாயின், நம் பரிக்கிரகத்தின் பாரத்தைப் பிறர் தோளில் ஏற்றினோம் என்பதே பொருள்.

இவ்வைந்தினும் வேறாக, அனர்த்ததண்ட விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றையும் நினைவில் கொள்க. பயன்படும் அளவுக்கு மேல் உபபோகப் பொருள்களைச் சேர்த்து வைத்தலைத் தத்துவார்த்த சூத்திரம் அதனுள் அடக்கியது. பயனற்ற செயலால் வரும் பாவத்தைத் தடுப்பது அவ்விரதம். சும்மா கிடக்கும் பொருளால் என்ன பாவம் என்று வினவலாம். அதற்கு விடை வருமாறு.

சும்மா கிடக்கும் பொருளும் உயிர்களும்

டெலிபோட்டோ லென்ஸில் கொல்லாமைக்குத் துணையாகும் கூறு ஒன்று உண்டு. அது தொலைவில் நின்று காண உதவுகிறது. சிறு லென்ஸ் உடையவர் கூட்டை நெருங்குவார். தாய்ப்பறவை அஞ்சிப் பறக்கும். முட்டை குளிர்ந்து போகும். அல்லது காக்கைக்கு இரையாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளுள் அடக்குகிறது. எனவே நெடிய லென்ஸைக் கையாள்வோர் இடைத்தூரத்தைக் காத்து நிற்பாராயின் அக்கருவி அவரது விரதத்துக்குத் துணையே.

ஆனால் பெட்டியில் கிடக்கும் லென்ஸ் அவ்வுதவியைச் செய்வதில்லை. அதனிடத்தில் வேறொன்று நிகழ்கிறது. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 60 விழுக்காட்டுக்கு மேல் நிற்குமாயின், இருளில் மூடிக் கிடக்கும் லென்ஸின் கண்ணாடிகளில் பூசணம் படரத் தொடங்குகிறது. நூல் போன்ற வெண்கிளைகளாக அது பரவும். மூலாசாரம் பாசி, பூசணம் முதலியவற்றையும் வனஸ்பதி காய உயிர்களாகவே எண்ணுகிறது. அவற்றுள் ஓருடலில் அளவிறந்த உயிர்கள் வாழும் வகையும் உண்டு. பூசணம் படர்ந்தபின் லென்ஸைப் பிரித்து மருந்திட்டுத் துடைக்க வேண்டும். ஊறுகாயையும் மாவையும் நாள்பட வைத்து உயிர் தோன்றச் செய்து பின் எறிதல் தகாது என்று நம் இல்லங்களில் பெண்கள் அறிவுறுத்துவது வழக்கம். அதே விதி அலமாரிக்கும் பொருந்தும். அசட்டையால் உயிர் தோன்றவும் மடியவும் இடமளிப்பது பிரமாதம். பிரமாதமே இம்சைக்கு வித்து.

இல்லறத்தார் ஓரறிவுயிர்களின் இம்சையை முற்றும் விலக்க இயலாது என்பது உண்மையே. சமையல், உழவு, தொழில் ஆகியவற்றில் நேரும் இம்சை தவிர்க்கவொண்ணாதது. எனினும் எப்பயனும் இன்றி நேரும் இம்சையைத் தவிர்க்கும் கடமை அவர்க்கு உண்டு. முனிவர்க்கு எடுத்தலிலும் வைத்தலிலும் கவனமாகிய ஆதான நிக்ஷேபண சமிதி விதிக்கப்பட்டது. அதன் சிறு கூறாவது இல்லறத்தார்க்கும் வேண்டும்.

லென்ஸைச் சூழ்ந்த பொருள்களிலும் ஆராய வேண்டியவை உள. பழைய லென்ஸ்களின் உறைகள் சில தோலால் ஆனவை. படச்சுருளின் மேற்பூச்சில் உள்ள ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. இன்றைய எண்முறைக் காமிராவில் படச்சுருள் இல்லை என்பது சிராவகர்க்கு ஒருவகையில் நன்மையே. தோலுறை இருப்பின் அதனை நீக்கித் துணிப்பையில் வைத்தல் தகும்.

விடவிடாமல் தடுப்பது எது?

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். நம் சிராவகர் விலையை எண்ணித் தயங்கவில்லை. பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காகவும் தயங்கவில்லை. ஆயினும் எழுதுகோல் நின்றது. ஏன்? லென்ஸைக் கொடுத்துவிட்டால், மலையேறிய நாள்கள் முடிந்துவிட்டன என்று தம் வாயால் ஒப்புக்கொண்டதாகும். பெட்டியில் லென்ஸ் இருக்கும்வரை, முழங்கால் சரியானதும் போகலாம் என்று ஒரு சொல் மனத்தில் எஞ்சியிருக்கும். அவர் பற்றிக்கொண்டிருப்பது கண்ணாடியையும் உலோகத்தையும் அன்று. சுமையோடு மலையேறிய நாற்பது வயது மனிதரையே பற்றிக்கொண்டிருக்கிறார்.

இதனை எள்ளி நகையாடுதல் தகாது. இது யார்க்கும் வருவதே. மணநாள் பட்டுப் புடைவை, மறைந்த தந்தையாரின் மிதிவண்டி, வளர்ந்துவிட்ட மகளின் வீணை என ஒவ்வொரு வீட்டிலும் இத்தகைய பொருள் ஒன்று இருக்கும். இத்தகைய பற்றே பட்டியலில் எளிதில் அகப்படாத பரிக்கிரகம்.

ஜினாகமம் இதற்குக் காட்டும் வழி திரவிய பரியாய விசாரணை. திரவியம் நிலைத்து நிற்கிறது; அதன் பரியாயங்கள் தோன்றி மறைகின்றன. இளமை ஒரு பரியாயம். முதுமை ஒரு பரியாயம். மலையேறிய வலிமை உடலாகிய புத்கலத்தின் ஒரு பரியாயம். அது தன் காலத்தில் தோன்றித் தன் காலத்தில் கழிந்தது. கழிந்த பரியாயத்தை ஒரு பொருளைக் கொண்டு நிறுத்திவைக்க எவராலும் இயலாது. ஆனால் மலையில் பறவையைக் கண்டு நின்றபோது அறிந்தது எது? அறியும் தன்மை உடைய ஆன்மா. அந்த அறிவுக்குணம் இன்றும் அவரிடம் குறையவில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே முருங்கையில் வந்தமரும் தேன்சிட்டைக் காணவும் அது போதும். லென்ஸோடு தம் காட்சியும் போய்விடும் என்று அஞ்சுவது, ஆன்மாவின் குணத்தைப் புத்கலத்தின்மேல் ஏற்றிக் கூறுவதாகும்.

தமிழகத்தின் இயற்கையியல் அறிஞர் ம. கிருஷ்ணனை (1912–1996) ஈண்டு நினைத்தல் பொருந்தும். அவர் சமணர் அல்லர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் தம் மறைவு வரை 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட பெரிய காமிராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருந்தார். புதிது புதிதாக வாங்கிக் குவிப்பதன் மேல் அவர் தொழில் நிற்கவில்லை. கோட்டுச் சித்திரமாகவும் எழுத்தாகவும் தாம் கண்டதைத் தர அவரால் இயன்றது. கருவி காட்சிக்கு ஏவல் செய்தது. காட்சி கருவிக்கு அடிமைப்படவில்லை.

விடுவதாயின் எவ்வாறு விடுவது?

விடுதலிலும் முறை உண்டு. லென்ஸை விற்று அப்பணத்தோடு மேலும் சேர்த்து வேறொரு லென்ஸ் வாங்குவது தியாகம் ஆகாது, அது பண்டமாற்று. விற்ற பணம் வகுத்துக்கொண்ட பண அளவுக்கு உள்ளே அடங்க வேண்டும். அளவை மீறுமாயின் மிகுதியை அறத்துக்கு ஈதல் வேண்டும்.

கொடுப்பதாயின் பெறுபவரை ஆராய்தல் வேண்டும். கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்து படம் பிடிப்பவர் கையில் நல்ல லென்ஸைக் கொடுத்தால், அவர் செய்யும் தீமைக்கு உடன்பட்டவர் ஆவோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைப்பிணிப்புக்கு உரியன. பறவை நூல் கற்கும் மாணவர், இயற்கை மன்றம் நடத்தும் பள்ளி, நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபடும் இளைஞர் ஆகியோர் தக்கவர். அவர்கள் கையில் அது மீண்டும் உபகரணம் ஆகும்.

இவ்வகையில் தருமபுரி மண்ணுக்கே உரிய பழைய சான்று ஒன்று உண்டு. அன்று தகடூர் எனப்பட்ட இவ்வூரில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், சக ஆண்டு 815இல், அதாவது பொ.ஆ. 893இல், பொறிக்கப்பட்ட கன்னடக் கல்வெட்டு அது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறப்பாளர் இருவர் தகடூரில் ஒரு பசதியை, அஃதாவது ஜினாலயத்தை, எடுப்பித்தனர். நிதியண்ணன் மன்னனிடமிருந்து மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனைக் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் பசதியின் பொருட்டு ஒப்படைத்தார். ஓர் ஊரையே பெற்ற வணிகர் அதனைத் தம் பெயரில் நிறுத்திக்கொள்ளவில்லை. பெற்றதைப் பயன்படும் இடத்தில் சேர்த்தார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவரை நினைப்பது அவர் வைத்துக்கொண்ட பொருளால் அன்று.

ஓராண்டு நியமம்

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; காலவரையறையோடு ஏற்பது நியமம். முடிவு தெளியாத பொருளுக்கு நியமமே தகும். பரிக்கிரகத்தை முற்றும் துறத்தல் பதினொரு சிராவக நிலைகளுள் ஒன்பதாம் நிலைக்கு உரியது. தொடக்க நிலையில் உள்ளவர் படிப்படியாகவே செல்லலாம். நம் சிராவகர் போன்றோர் இவ்வாறு செய்தல் நன்று:

முதலாவது, லென்ஸையும் அதனைச் சார்ந்தவற்றையும் பட்டியலில் எழுதுக. இறுதியாகப் பயன்படுத்திய நாளையும் எழுதுக. அடுத்த ஆகிஞ்சன்ய நாளை முடிவு நாளாகக் குறித்துக்கொள்க.

இரண்டாவது, மாதம் ஒருமுறை அதனை எடுத்து, வெளிச்சத்தில் கண்ணாடியைச் சோதித்து, காற்றாட வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை மாற்றி வைக்க. மழைக்காலத்தில் இதனைத் தவறாது செய்க. மூன்று மாதம் தொடர்ந்து மறப்பீராயின், அப்பொருளைக் காக்கும் எண்ணம் உமக்கு இல்லை. உடைமை என்னும் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது என்று அறிக.

மூன்றாவது, தக்கவர் ஒருவர்க்கு ஒரு வாரம் இரவல் கொடுக்க. அவ்வாரத்தில் உம் மனம் எங்குச் சென்றது என்பதைக் கவனிக்க. கீறல் விழுமோ, திரும்பி வருமோ என்று இரவெல்லாம் எண்ணினால் மூர்ச்சையின் அளவு அதனால் விளங்கும். அமைதியாக இருந்தால் அதுவும் விளங்கும்.

நான்காவது, ஒருமுறை லென்ஸ் இன்றியே வத்தல்மலைக்குச் செல்க. இன்று வாகனத்தில் மேலே சென்று, சாலையோர நிழலில் அமர்ந்து காணலாம். படம் இன்றிக் கண்ட பறவை மனத்துக்கு நிறைவு தந்ததா, இல்லையா என்று சிந்திக்க.

முடிவு நாளில் மூன்றில் ஒன்று தெளிவாகும். ஓராண்டில் அது தமக்கோ பிறர்க்கோ உண்மையாகப் பயன்பட்டிருந்தால் அளவுக்குள் எழுதி வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. பயன்படவுமில்லை, பற்றும் இல்லை எனின் அன்றே தக்கவர்க்கு அளித்துவிடலாம். பயன்படவில்லை, ஆயினும் விட மனமில்லை எனின், அதுவே விட வேண்டிய பொருள். அதனை விடும்போது நேரும் வருத்தம் விரதத்தின் குறையன்று. கஷாயம் கழலும்போது நேர்வது அது. அவ்வருத்தத்தோடு விடுக. சில நாளில் அது தணியும்.

நம் சிராவகர் மூன்றாவது நிலையில் நிற்பவராகவே தோன்றுகிறது. முழங்கால் வலி ஓராண்டில் நீங்குவதற்கில்லை. மலையடிவாரப் பள்ளி ஒன்றின் இயற்கை மன்றத்துக்கு அவர் அந்த லென்ஸை அளிப்பாராயின், தாம் கண்ட சின்னானையும் மாங்குயிலையும் எவ்வளவு தொலைவில் நின்று காண வேண்டும் என்பதையும் அம்மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கலாம். லென்ஸைக் கொடுத்தபின்னும் அந்த அறிவு அவரிடமே இருக்கும். கொடுத்தால் குறையாதது ஞானம் ஒன்றே. பட்டியலில் எழுத வேண்டாத உடைமையும் அது ஒன்றே.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உபகரணம், பரிக்கிரகம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? ஒரே பொருள் இரண்டாகவும் ஆவது எங்ஙனம்?

2. பரிக்கிரக பரிமாண விரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறி, நும் இல்லத்துப் பொருள் ஒன்றோடு பொருத்திக் காட்டுக.

3. பயன்பாட்டின் எண்ணிக்கை மட்டும் ஏன் அளவுகோல் ஆகாது?

4. கழிந்துபோன பரியாயம் ஒன்றை நிறுத்திவைக்கும் எண்ணத்தால் நும் இல்லத்தில் காக்கப்படும் பொருள் எது? அதனை யார்க்கு அளித்தால் அது மீண்டும் பயன்படும்?

குடும்பத்தார் அனைவரும் கூடி இவ்வினாக்களை ஆராய்ந்து, வரும் தசலட்சண பர்வத்துக்கு முன் தத்தம் பட்டியலை எழுதி வைப்பாராக.

அறம் ஓங்குக!